குருவம்மாள் குடிக்காத தண்ணீர்

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. குழாயில் குடிதண்ணீர் இன்றும் இல்லை. கேன் மூன்று சொன்னேன், இரண்டு வந்தது.

டயாலிசிஸ் யூனிட்டில் புது ஸ்கேன் கருவி, முதல் நாள். உடம்பில் வைத்துப் பார்க்க, கைக்கு அடக்கமான ப்ரோப், கூட ஒரு டேப்லட். மாமனாரின் பட்டாசு கம்பெனி கொடுத்த நன்கொடை. கருவியைவிட அதில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கர் பெரிசு. ஸ்டிக்கரைக் கொஞ்சம் சின்னதாக ஒட்டுங்கள் மாமா என்று எந்த மருமகள் சொல்வாள்? நான் சொல்லவில்லை.

மதுரை வகுப்பில் பெரிய டாக்டர் சொன்னது, மறக்காமல் இருக்க:

— டயாலிசிஸ் நோயாளிக்கு மூச்சு வாங்கினால் முதலில் நெஞ்சில் ப்ரோப் வை.
— நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தால் திரையில் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடுகள் விழும். கோடு கூடினால் தண்ணீர் கூட.
— அதைப் பார்த்து, மெஷினில் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்.
— இன்னும் ஏதோ சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு. தூங்கிவிட்டேன்.

ஜெயா சிஸ்டர் திரையை எட்டிப் பார்த்து, "என்னம்மா, உள்ள மழை பேயுது!" என்றார். அவ்வளவுதான், யூனிட் முழுக்க அதுவே பேராகிவிட்டது. யாருக்கு எம்புட்டு மழை என்று நோயாளிகளே விசாரிக்கிறார்கள். ஊரில் பெய்யாத மழை.

முதலில் கண்டக்டர் சங்கரலிங்கம் அய்யா. ஏழாயிரம்பண்ணைக்காரர், பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறவில்லை. நெஞ்சு நிறைய மழை.

"மோர் குடிச்சீகளா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. ஒரு வாய்தான்."

"வாயா, செம்பா?"

"செம்புதான். ஆனா சின்னச் செம்பு."

அடுத்து குருவம்மாள். எம். புதுப்பட்டிப் பக்கத்துக் கிராமம். ஐம்பது தாண்டியிருக்கும். பல வருட ரத்தக்கொதிப்பில் சிறுநீரகம் போனது. புருஷன் இல்லை, ஒரே மகள் பாண்டீஸ்வரி பட்டாசு வேலைக்குப் போகிறாள். கொஞ்ச நாளாக வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. ப்ரோப்பை வைத்தேன். கண்டக்டருக்குத் தூறல் என்று சொல்லலாம் போலிருந்தது, இங்கே அடைமழை.

"எவ்வளவு தண்ணி குடிச்சீக?"

"சொன்ன அளவுதாம்மா."

காலில் வீக்கம் இல்லை. போன முறை முடித்துப் போனதிலிருந்து எடை ஒரு கிலோகூட ஏறவில்லை. தராசில்தான் கோளாறு. மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டும்.

குருவம்மாளின் டிரை வெயிட்டை, அதாவது தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடையை, அரைக் கிலோ குறைத்தேன்.

தையல்காரரிடம் ரவிக்கை வாங்க மறந்தாயிற்று.

செப்டம்பர் 17, புதன்

குருவம்மாளுக்கு மழை அப்படியே. இன்னும் அரைக் கிலோ குறைத்தேன்.

மூன்றாவது மணியில் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு அலறல். ஜெயா சிஸ்டர் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "கூடுதலா எடுக்குறோமோம்மா?" என்றார். ஸ்கேனைக் காட்டினேன். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வலி அடங்கியதும் குருவம்மாளிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

"குடிக்கலம்மா."

"மனுசங்க பொய் சொல்லலாம். இந்தத் திரை சொல்லாது குருவம்மா."

டேப்லட்டைப் பார்த்தார். அதன் ஸ்டிக்கரையும் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நல்ல வசனம் பேசிவிட்ட திருப்தி எனக்கு. வீட்டுக்கு வந்து இவரிடமும் சொல்லிக் காட்டினேன். இவர் லோடு லாரி வராத கவலையில் இருந்தார். சீசன்.

செப்டம்பர் 19, வெள்ளி

தராசு சரியாகத்தான் இருக்கிறதாம். மெக்கானிக் எடைக்கல் வைத்துக் காட்டிவிட்டுப் போனார். வந்ததற்கு டீயும் வடையும்.

தராசும் சரி, ஸ்கேனும் சரி என்றால் எது தப்பு? ஆள் மெலிந்துகொண்டே வருகிறார் போல. உடம்பின் சதை குறைந்து அந்த இடத்தில் தண்ணீர் ஏறினால் எடை தெரியாது. புத்தகத்தில் இருக்கிறது. நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். திருப்தியாகவும் இருந்தது.

இன்னும் கொஞ்சம் குறைத்தேன். பிபி இறங்கி, காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டுத் தெளிய வைத்தோம். எடுத்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஏற்றியாயிற்று.

கண்டக்டர் அடுத்த கட்டிலிலிருந்து: "மதினி, பேசாம ஒத்துக்கிட்டுப் போங்க. நான் ஒத்துக்கிடலையா? டாக்டரம்மா ரெண்டு வஞ்சிட்டு விட்டுருவாக."

குருவம்மாள்: "குடிச்சிருந்தா ஒத்துக்கிடலாம்ண்ணே."

வீடு: ஆயுத பூஜைக்குப் பொரி மூட்டை சொல்லணும். மின்சாரம் இரண்டு முறை போனது.

செப்டம்பர் 22, திங்கள்

மகளை வரச் சொல்லியிருந்தேன். சீசன் நேரத்தில் ஒரு நாள் லீவு போடுவதென்றால் எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாதா, பட்டாசு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் வரச் சொன்னேன். இருபத்தெட்டு வயசிருக்கும், ஒட்டி உலர்ந்த முகம், சுறுசுறுப்பு. வந்ததும் அம்மா தலையை ஒதுக்கிவிட்டு நின்றாள்.

டேப்லட்டைக் காட்டினேன். "இந்தா பாரும்மா, இம்புட்டும் தண்ணி. உங்கம்மா குடிக்கலைன்னு சாதிக்கிறாங்க."

பாண்டீஸ்வரிக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "ஏம்மா இப்படிப் பண்ணுற? நான் அங்கன வேகாத வெயில்ல கெடந்து சாகுறேன், நீ இங்கன கள்ளத்தனமாக் குடிச்சிட்டு மூச்சு வாங்குதுங்குற. யாருக்கும்மா இது?"

"நான் குடிக்கல பிள்ள."

"டாக்டரம்மா பொய் சொல்றாகளா?"

குருவம்மாள் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி. என்னத்தைச் சொல்ல? நான் சொன்னது: "தண்ணிக் குடத்தப் பூட்டி வச்சாத்தான் சரிப்படுவீக போல."

எனக்கு வாய் நீளம். என் அம்மா இருந்தவரை சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

பாண்டீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டு, "சரிங்கம்மா," என்றாள். பாதி நாள் வேலையாவது கிடைக்கட்டும் என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

குருவம்மாளுக்கு இன்றும் பிபி சரிந்தது. மிகவும் கீழே. கண் செருகிவிட்டது. ஜெயா சிஸ்டர் கன்னத்தைத் தட்டி, "குருவம்மா, இங்கன பாருங்க, என்னைப் பாருங்க," என்று கத்தியது இன்னும் காதில். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். தெளிந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "பஸ் போயிருச்சா?"

இரண்டாவது ஷிப்ட்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். ஒரு கட்டில் காலியானால்தான் அடுத்தவர் படுக்க முடியும். எப்போதும் இப்படித்தான்: ஆரம்பிக்கும் முன் ஸ்கேன், முடிந்ததும் ஊசியிடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடி, எடை பார், பஸ்ஸுக்கு ஓடு.

ஆட்டோ வைத்து அனுப்பினேன். உதடு வெடித்திருந்தது.

சாத்தூர்ச் சேவு அரைக் கிலோ. நானே முக்கால்வாசி தின்றேன். மனசு சரியில்லை என்றால் எனக்குப் பசிக்கும்.

செப்டம்பர் 29, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

குருவம்மாளுக்கு இடது கையில் ஃபிஸ்டுலா. ரத்தக் குழாய் இரண்டை ஆபரேஷனில் சேர்த்துத் தைத்த இடம். டயாலிசிஸ் ஊசிக்கு வாசல் அதுதான். நல்ல ஃபிஸ்டுலாவில் விரல் வைத்தால் அதிரும், காது வைத்தால் உர்ர் என்று ஓடும் சத்தம். தினமும் எழுந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். குருவம்மாளின் ஃபிஸ்டுலா மாதிரி யூனிட்டில் யாருக்கும் கிடையாது. "கை பேசுதும்மா," என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்.

இன்று வாசலிலேயே நின்றுவிட்டார். "கை பேசலம்மா. நேத்துக் காலைல இருந்து."

தொட்டேன். இல்லை. ஸ்டெத் வைத்தேன். இல்லை. உறைந்துவிட்டது. உடம்பு வற்றிப் பிபி அடிக்கடி சரிந்தால் இப்படி ஆகும். இதுவும் புத்தகத்தில் இருக்கிறது. வாசித்தவள்தான்.

மதுரைக்கு அனுப்பினோம். நேரம் கடந்துவிட்டது, திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கழுத்தில் குழாய் போட்டுத் திரும்பி வந்தார். அடுத்த கையில் ஆபரேஷன் செய்யலாம், ரத்தக் குழாய் மெலிசு, ஒழுங்காக வருமா தெரியாது என்று சீட்டு.

ஞாயிறே ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டேன்.

"லீவுல இருப்பீகளேன்னு."

கழுத்துக் குழாயைச் சேலையால் மூடிக்கொண்டார். இனி பஸ்ஸில் எல்லாரும் கேட்பார்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டயாலிசிஸ் மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. தராசுக்கும். ஸ்கேன் கருவியின் ஸ்டிக்கர் மேல் ஜெயா சிஸ்டர் பெரிய பொட்டாக வைத்துவிட்டார். பொரி, கடலை, சுண்டல். நோயாளிகளுக்குச் சுண்டல் ஆளுக்கு ஒரு கரண்டிதான் என்று சண்டை. கண்டக்டர் இரண்டு கரண்டி.

பூஜைக்காக இரண்டாவது ஷிப்டை மதியத்துக்குத் தள்ளியிருந்தோம். அதனால் முதல் முறையாக, முடிந்த பிறகும் கட்டில்கள் காலி செய்ய வேண்டியதில்லை. யாருக்கும் அவசரம் இல்லை.

கண்டக்டர்தான் ஆரம்பித்தார். "டாக்டரம்மா, மழை விட்டுருச்சான்னு ஒருக்கப் பாருங்க. பூஜை போட்ட மெஷின்ல்ல." விளையாட்டாகத்தான் ப்ரோப் வைத்தேன். காலையில் நெஞ்சு நிறைய இருந்த கோடுகள் காணோம். ஒன்றோ இரண்டோ. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீகளா, மேகமே இல்ல!"

அப்படியே குருவம்மாளிடம் திரும்பினேன். காலையில் எப்படியோ அப்படியே. ஒரு கோடு குறையவில்லை. நாலு மணி நேரம் தண்ணீர் எடுத்திருக்கிறோம். உடம்பில் மிச்சம் ஏதாவது இருந்தால் அல்லவா?

பிறகுதான் கோட்டை விட்டுவிட்டு அதற்கு மேலே பார்த்தேன். நுரையீரலின் ஓரம் ஒரே சீராக, இழுத்துக் கட்டிய நூல் மாதிரி இருக்க வேண்டும். கண்டக்டருக்கு அப்படித்தான் இருந்தது. குருவம்மாளுக்கு அது பிய்ந்து, தடித்து, மேடும் பள்ளமுமாக. திரும்பி உட்காரச் சொல்லி முதுகில் வைத்தேன். இத்தனை நாளும் முதுகில் நான் வைத்ததே இல்லை. அங்கே இன்னும் மோசம்.

"மழை விடலையாம்மா?" என்று கேட்டார்.

இது மழையே இல்லை. தண்ணீரே இல்லை.

சுண்டல் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 4, சனி

மழை, உண்மையான மழை, பத்து நிமிடம். புழுக்கம் கூடியதுதான் மிச்சம்.

குருவம்மாளுக்கு நேற்று சி.டி. எடுத்தாயிற்று. இரண்டு நுரையீரலிலும் தழும்பு. பழசு. பல வருடமாகத் தூசியை மூச்சில் இழுத்து வந்த தழும்பு.

மதுரைப் பெரிய டாக்டருக்குப் போன்.

"டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு பாத்தியாம்மா?"

"இல்ல சார். இப்பத்தான்."

"தண்ணிக் கோடுன்னா தண்ணி எடுத்ததும் போயிரும். போகலைன்னா அது தழும்பு. அன்னைக்கே சொன்னேனே."

நான் தூங்கிய பகுதி அதுதான்.

"என்ன வேலை பாத்தவங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. முதல் நாள் கேட்டிருக்கிறேன், "வேலைக்குப் போறீகளா?" என்று. "இப்ப இல்லம்மா," என்றார். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சிவகாசிப் பக்கம் பிறந்து வளர்ந்து, இருமலோடு வந்த ஒரு பொம்பளையிடம் முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றாத டாக்டர் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

கேட்டேன். ஜெயா சிஸ்டரை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"முன்ன எங்கன வேலை பாத்தீக?"

மோவாயால் ஸ்கேன் கருவியைக் காட்டினார். சந்தனப் பொட்டு இன்னும் உதிராமல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை.

"நம்ம கம்பெனிலயா?"

"பேன்சி வெடி ரூம்லம்மா. எங் கல்யாணத்துக்கு முந்தி சேந்தேன். வெள்ளிப் பவுடரு சலிக்கிறது, குழாயில அடைக்கிறது. உங்களுக்குக் கல்யாணம் ஆகி அங்கன விருந்து போட்டாகள்ல, நானும் சாப்பிட்டேன். உங்க சேலை மாம்பழக் கலரு."

மாம்பழக் கலர்தான்.

"ஏன் சொல்லல? முதல் நாளே சொல்லியிருந்தா..."

"எப்படிச் சொல்லம்மா? உங்க வீட்டு மெஷின்ல ஸ்கேன் பாத்துக்கிட்டு உங்க வீட்டையே குறை சொல்ற மாதிரி ஆயிராதா. மகளும் அங்கனதான் இருக்கா. அதே ரூமு."

எனக்காக வாயை மூடிக்கொண்டு, நான் திட்டிய திட்டையெல்லாம் வாங்கியிருக்கிறார். மனசு ஆறவில்லை. மன்னிச்சிருங்க என்று சொன்னேன். சொன்னேனா, முனகினேனா தெரியவில்லை. "நீங்க வேணும்னேயா செஞ்சீக?" என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னார்.

டிரை வெயிட்டைப் பழையபடி ஏற்றினேன். இனி ஒரு நாளைக்கு நாலு டம்ளர் வரை தாராளமாகக் குடிக்கலாம் என்றேன். தழும்புக்கு மருந்து பெரிசாக இல்லை, இருமலுக்குத் தருகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "எம் மககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. நான் குடிக்கலைன்னு. நான் சொன்னா நம்ப மாட்டா."

"கண்டிப்பா. இன்னைக்கே சொல்றேன்."

அக்டோபர் 8, புதன்

இன்னும் சொல்லவில்லை. இரண்டு முறை போன் அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். சாயங்காலம் அடிக்கலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

மறக்கவில்லை. இங்கேயாவது பொய் வேண்டாம்.

அம்மா குடிக்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்பாள். தழும்பு என்பேன். எதனால் என்பாள். நீ உட்கார்ந்திருக்கும் அதே ரூமால் என்று நான் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால், ஆர்டர் குவிந்து கிடக்கும்போது, முதலாளி வீட்டு மருமகள்.

மாமாவிடம் முதலில் பேசிவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கெட்டவர் இல்லை. நாலு ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.

"மாஸ்க் குடுக்கத்தானம்மா செய்யுறோம். வெயில்ல புழுங்குதுன்னு அதுக கழட்டிப் போட்டுருதுக. நாம பக்கத்துல நின்னு கட்டிவிட முடியுமா?"

"இந்தத் துணி மாஸ்க் பத்தாது மாமா. வேற மாஸ்க் இருக்கு. காத்து இழுக்குற ஃபேன் வேணும். எல்லாருக்கும் ஸ்கேன் பண்ணணும்."

"பண்ணுவோம். சீசன் முடியட்டும்." கை கழுவப் போனவர் திரும்பி நின்று, "அந்தம்மாவுக்கு ஆகுற செலவு நம்மளது. ஆனா வெளிய பேரு வேண்டாம்," என்றார்.

அந்த ஸ்கேன் மெஷின் யார் வாங்கிக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். கேட்கவில்லை. அத்தை எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

அக்டோபர் 13, திங்கள்

வேலைகள்:
— தீபாவளி முறுக்குக்கு மாவு
— ரவிக்கை (இன்னும்!)
— முடிந்த பிறகும் ஸ்கேன்: இனி எல்லாருக்கும். சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. ஷிப்ட் கால் மணி தள்ளிப் போகும், போகட்டும்.
— பாண்டீஸ்வரி

குருவம்மாளுக்கு எடை ஏறவே இல்லை. நாலு டம்ளர் குடிப்பவருக்கு இப்படி இருக்காது. உதடு வெடிப்பும் ஆறவில்லை.

"தண்ணி குடிக்கிறீகளா?"

"குடிக்கேம்மா."

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. குடிக்காமலே பழகிவிட்டது போலிருக்கிறது, தொண்டை பயப்படுகிறது. அதட்டலாகவே சொன்னேன்: "நாலு டம்ளரும் குடிக்கணும். சொல்லிட்டேன்."

தலையாட்டினார். பிறகு, "மககிட்டச் சொல்லிட்டீகளாம்மா?"

"வேலை மேல வேலை. இந்த வாரம் சொல்லிருறேன்."

"சரிம்மா. மெதுவாச் சொல்லுங்க. சீசன்ல்ல."

கண்டக்டருக்கு இன்று டயாலிசிஸுக்கு முன் தூறல், பின் வெயில். மோரை விட்டுவிட்டாராம். நம்ப வேண்டுமாம்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு முன் கம்பெனிக்குக் கடைசி வேலை நாள். வீட்டுப் பெண்கள் போய்த் தொழிலாளிகளுக்கு ஸ்வீட் பாக்ஸும் சேலையும் கொடுப்பது வழக்கம். அத்தைக்கு முழங்கால் வலி, நான் போனேன். மத்தியானம் யூனிட் முடித்துவிட்டு அப்படியே. எப்படியும் இன்று பாண்டீஸ்வரியிடம் சொல்லிவிடுவது என்று வைராக்கியம்.

சாயங்காலம் கேட் பக்கம் மேசை போட்டிருந்தார்கள். வரிசையாக வந்து வாங்கினார்கள். புருவத்தில், காது மடலில், தோடு ஓட்டையில் வெள்ளிப் பவுடர் மினுமினுக்கும் முகங்கள். இத்தனை வருடமும் இந்த முகங்களைப் பார்த்து "நல்லாருக்கீகளா" என்று சிரித்திருக்கிறேன். இன்று இருமல் மட்டும்தான் கேட்டது. இத்தனை பேர் இருமுவார்களா?

பாண்டீஸ்வரி வந்தாள். பாக்ஸை வாங்கி, "அம்மா எப்படி இருக்குங்கம்மா?" என்றாள். அவளிடமல்லவா நான் கேட்க வேண்டும்.

"கொஞ்சம் நில்லும்மா. பேசணும்."

"வேன் போயிரும்மா. செத்த இருங்க, சாமானை வாங்கிட்டு வந்துருறேன்." வாட்ச்மேன் கூண்டுக்கு ஓடினாள்.

காலையில் உள்ளே போகும்போது இரும்பு, போன், ஊக்கு எதுவும் கூடாது. எல்லாரும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடக்கும். பெண்கள் அதை மொய்த்துக்கொண்டு எடுத்தார்கள். பாண்டீஸ்வரி ஒரு போனையும், சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

சொன்னேன். சுருக்கமாக, ஒரே மூச்சில். உங்கம்மா ஒரு சொட்டு கூடக் குடிக்கலை. நான் பாத்தது தப்பு. உள்ள இருக்கது தண்ணி இல்லை, இந்த ரூம் தூசி. நீயும் அங்க உக்காராத, தீபாவளி கழிச்சு வா, உனக்கும் ஸ்கேன் பாக்கணும். ரெண்டு வாரமாகப் போகுது, தாராளமாக் குடிக்கலாம்னு அவங்ககிட்டச் சொல்லி.

அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. தூசியைப் பற்றியும் கேட்கவில்லை, தன்னைப் பற்றியும் கேட்கவில்லை.

"குடிக்கலாம்னு சொல்லிட்டீகளா? எப்ப?"

"போன திங்களுக்கு முந்தின திங்கள்."

"எங்கிட்ட அம்மா ஒண்ணும் சொல்லலையே. தண்ணி அடுப்படிலல்ல இருக்கு." கையைத் திறந்து சாவியைப் பார்த்தாள். "காலைல ஒரு டம்ளர் மோந்து வச்சிட்டுப் பூட்டிட்டு வாரேன். ராத்திரி போய்த்தான் தொறப்பேன்."

"என்ன சாவிம்மா அது?"

"அடுப்படிச் சாவி. நீங்கதானம்மா சொன்னீக, பூட்டி வைக்கச் சொல்லி."

பேச்சுக்குச் சொன்னேன் என்று வாயில் வந்தது. எப்படிச் சொல்ல? பகல் பூராவும் அந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு டம்ளர் தண்ணீரோடு. திங்களன்று நான் அதட்டியபோதும் தலையாட்டினாரே ஒழிய மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. மககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா, மககிட்டச் சொல்லிட்டீகளாம்மா. மானத்துக்காகக் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாகத்துக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறார்.

வேன் ஹாரன் அடித்தது. "எங் கார்ல வாம்மா, சீக்கிரம் போயிரலாம்," என்றேன். கையைப் பிடிக்கப் போனேன்.

விலகிக்கொண்டாள். ஸ்வீட் பாக்ஸை மேசையிலேயே வைத்துவிட்டாள். "வேண்டாங்க. எங்க வீட்டுக் கதவ நானே போய்த் தொறந்துக்கிடுறேன்."

சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினாள்.